புன்னைத்திட்டு ஆஸ்பத்திரியின் பதினோரு பேர்

புன்னைத்திட்டு மனநல ஆஸ்பத்திரியில் இறந்துபோன பதினோரு பேர், ஆஸ்பத்திரி மூடி இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் இசைவாணிக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது அந்த வரிசைதான். மூன்று வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அங்கே வரிசையில் நின்று அவள் பார்த்ததில்லை. மேஜையைச் சுற்றி மொய்ப்பார்கள், அடுத்தவன் மனுவின் மேல் தன் மனுவை வைப்பார்கள், போன் பேசிக்கொண்டே கையெழுத்துக் கேட்பார்கள். இவர்களோ பச்சைக் கோடு போட்ட ஆஸ்பத்திரி உடுப்பில், சுவரை ஒட்டி, ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். கால்கள் தரையில் படவில்லை என்பதை அவள் இரண்டாவதாகத்தான் கவனித்தாள். நாலு விரற்கடை உயரம் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்று வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தவள், அதற்கு அவசியமில்லை என்று விட்டுவிட்டாள்.

வருஷக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயிர்க் கணக்கெடுப்பு பாதியில் நிற்கிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் சாதிச் சான்றுக்கு ஊரே அலைகிறது. சர்வர் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதற்கு நடுவில் இது வேறயா என்று அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வரிசையின் முதலில் நின்றவர் கடலூர் முதுநகர்த் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தேவசகாயம். மனு அவர் எழுதியது; எழுத்து அச்சுப்போல இருந்தது.

"கட்டடத்த இடிக்கப் போறீங்களாமே மேடம். அதுக்கு முன்னாடி எங்கள டிஸ்சார்ஜ் பண்ணிடணும்" என்றார் அவர்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரம் தாண்டிக் கிழக்கே திரும்பி, சவுக்குத் தோப்புக்குள் ஒன்றரை கிலோமீட்டர் போனால் வரும். டாக்டர் லூர்துசாமி என்பவர் எழுபத்துநாலில் கட்டியது. அவர் இறந்தபிறகு பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரவில்லை; இரண்டாயிரத்து இரண்டில் பூட்டுப் போட்டார்கள். அதன்பிறகு கதைகள் கிளம்பின. வெள்ளைப் புடவை நர்ஸ் மாடியில் நடக்கிறாள், கரண்டு ஷாக் கொடுத்த அறையில் பல்பு தானாக எரிகிறது, கொலுசுச் சத்தம் பஸ் ஸ்டாப்புவரை வருகிறது என்று சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை ஆளுக்கொன்று சொன்னார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வீடியோ எடுக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். கருப்புச் சட்டை, தலையில் விளக்கு, கையில் ஏதோ மீட்டர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய் வௌவாலைப் பார்த்து அலறிவிட்டு, அதை நாலு லட்சம் பேருக்குக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரும் ஒரு பேயையும் பார்த்ததில்லை. காரணம் எளிது. லூர்துசாமி டாக்டர் இருந்த காலத்தில் எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். செத்த பிறகும் அந்தப் பதினோரு பேருக்கும் அந்த வழக்கம் மாறவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து முற்றம் பெருக்கி, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றி, மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். புல் அறுக்கப் போகிற பெண்களுக்கு அவர்களை நன்றாகத் தெரியும். திருப்பத்தில் டீக்கடை வைத்திருக்கிற ரத்தினம்மாள் அவர்களில் நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஏன் இதுவரை சொல்லவில்லை என்று இசைவாணி கேட்டதற்கு, "வர்றவன் எல்லாம் ராத்திரியில வர்றான். பகல்ல வந்து யாராச்சும் கேட்டாங்களாம்மா?" என்றாள்.

வைகாசியில் ஒரு காலேஜ் பையன் வீடியோ எடுக்கப் போய், மாடித்தளம் இடிந்து கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். மழைக்காலத்துக்கு முன்னால் கட்டடத்தை இடித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. வீடியோ எடுக்க வந்தவர்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டது அரைத்தூக்கத்தில் இருந்த தேவசகாயத்தின் காதில் விழுந்திருக்கிறது.

மனுவோடு ஆஸ்பத்திரியின் சேர்க்கைப் புத்தகத்தையும் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பதினோரு பேருடைய பெயருக்கு நேராகவும் டாக்டர் தன் கையால் பச்சை மையில் எழுதியிருந்தார்: குணமாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம். சிலருக்கு அப்படி எழுதிப் பத்து வருஷம் ஆன பிறகு சாவுத் தேதி இருந்தது. ஆஸ்பத்திரி விதிப்படி, யார் கொண்டுவந்து சேர்த்தார்களோ அவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் அழைத்துப் போகவேண்டும். யாரும் வரவில்லை. சேர்த்தவர் இறந்துபோயிருந்தால் அவருடைய வாரிசு போடலாம். வாரிசு யார் என்று அறிக்கை எழுதுகிறவள் இசைவாணி. அதனால்தான் அவளிடம் வந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சரியான ஆபீசுக்குத்தான் வந்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது அதுதான். வேறு ஆபீசுக்கு அனுப்ப வழியே இல்லை.

வருவாய் ஆய்வாளர் சுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, மனுதாரர்களுக்கு ஆதார் இருக்கிறதா என்றார். செத்தவங்க சார் என்றாள். அப்படியானால் இறப்புச் சான்று இணைக்கவேண்டும் என்றார். அது இருந்தால் மனுதாரர் எப்படி மனு கொடுக்க முடியும் என்ற கேள்வி வரும் சார் என்றாள். அவர், "நீயே பார்த்து முடிச்சிடும்மா, மேல கொண்டு வராத" என்று வைத்துவிட்டார்.

ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் அதிலேயே போயின. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விலாசம் விலாசமாக அலைந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய விலாசத்தில் செல்போன் கடை இருந்தது. ஒரு குடும்பம் சிப்காட் பக்கத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு நெய்வேலிக்குப் போயிருந்தது. குறிஞ்சிப்பாடியில், அதுவும் அவள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒருவன் மூன்றுமுறை கதவைச் சாத்தினான்; நாலாவது முறை, பெரியப்பா வந்தால் நிலத்தில் பங்கு கேட்பாரா என்று ஜன்னல் வழியாகக் கேட்டான். கேட்கமாட்டார் என்று எழுதிக் கொடுத்தபிறகு வெளியே வந்தான். தேவசகாயத்தின் மகள் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாவை ஆட்டோவில் ஏற்றி முதுநகருக்குக் கூட்டிப்போனாள். சிதம்பரம் மேல வீதியில் கார்த்திகேசன் என்பவருடைய சித்தப்பா சபாபதி, கணக்கு வாத்தியாராக இருந்தவர். மாடி அறையில் இருக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரவேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் நிபந்தனை போட்டாள். சபாபதி சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். இப்போது அந்தத் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அவரிடம்தான் படிக்கிறார்கள். ராமாமிர்தம் என்கிற கிழவிக்கு உலகத்தில் யாருமே மிச்சம் இல்லை. டீக்கடை ரத்தினம்மாள் தான் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இசைவாணி அரைமணிநேரம் யோசித்து, பழக்கம் என்று எழுதினாள்.

இப்படிப் பத்துப்பேர் போனார்கள். பதினோராவது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், மாநிறம், இரட்டைப் பின்னல் போட்ட கூந்தல். முதல்நாளிலிருந்து வரிசையில் கடைசியாக நின்றவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் தன் முறை வரும்போது, அவங்க முடியட்டும் என்று அடுத்தவருக்கு வழிவிட்டாள். இசைவாணி வேலை மும்முரத்தில் அவள் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. புரட்டாசிக் கடைசி வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் யாரும் இல்லாதபோது, புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். ராசம்மாள். தகப்பன் பெயர் பக்கிரிசாமி. முதுநகர், ரயில்வே காலனி. சேர்த்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. சேர்த்தவர் அண்ணன், பொன்னுரங்கம், பாயிண்ட்ஸ்மேன்.

இசைவாணி அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை. பக்கிரிசாமி அவளுடைய தாத்தா. பொன்னுரங்கம் அவளுடைய அப்பா, எழுபத்துநாலு வயது, அன்று காலையில்தான் அவருக்கு இட்லி வைத்துவிட்டு வந்தாள். ராசம்மா அத்தை கெடிலத்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். மழை பெய்தால் அப்பா பாலத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்; தங்கச்சி நினைப்பு என்று அம்மா யாரையும் கூப்பிட விடமாட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா நான் யாருன்னு?"

"மொத நாளே தெரியும். மூணு வயசு வரைக்கும் நான்தானே தூக்கி வச்சிருந்தேன்" என்றாள் ராசம்மாள். "அதே மொறப்பு."

"அப்ப ஏன் சொல்லல? நாலு மாசமா இங்கயே நின்னுகிட்டு இருக்கீங்களே!"

"உனக்கு வேல ஜாஸ்தியா இருந்துச்சி. அதான்."

இசைவாணி புத்தகத்தை மேஜையில் அறைந்துவிட்டு வெளியே போய்ப் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போது வாரிசு போட்ட கையெழுத்து செல்லாது. போட்டுப் பார்த்தபோது மை காகிதத்தில் ஒட்டாமல் வழிந்து மேஜைவிரிப்பைத்தான் பாழாக்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறிஞ்சிப்பாடி வீட்டில் அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்து கேட்டாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆத்துல போனவ எப்படிம்மா வருவா?"

"ஆத்துல போவலப்பா. நீங்க கொண்டுபோய் விட்டீங்க. உங்க கையெழுத்த பார்த்தேன்."

அதற்கும் அவர், ஆற்றில் போனவள் வரமாட்டாள் என்றே சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். சிதம்பரம் பக்கம் போகவேண்டியவர் வடலூர் பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவருவார். ஐந்து நாள் இதே கூத்து. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த இசைவாணியின் வீட்டுக்காரன் செம்பியன், "மாமா, நான் வரேன் கூட, வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்" என்றான். அவனிடம்தான் கிழவர் வாயைத் திறந்தார், மகளிடம் அல்ல. ராசம்மா தூங்காமல் பாடிக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். பைத்தியம் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று சாதிசனம் பேசியது. எண்பத்தாறில் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். நல்லாகிவிட்டாள், கூட்டிப்போ என்றார் டாக்டர். கடைசித் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த மாசம் வருகிறேன் என்று சொன்னார். ராசம்மா துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு கேட்டுவரை வந்து நின்றாளாம். "அந்த மூட்டையதாம்ப்பா என்னால பார்க்க முடியாது" என்று மருமகனிடம் சொல்லிவிட்டுப் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்படியும், இடிக்கிற தேதியைச் சொன்னபிறகும், அவர் கிளம்பவில்லை. குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் போட்டுப் போய்விடலாமா என்று இசைவாணிக்கு ஆத்திரம் வந்தது. அதை ராசம்மாளிடமே சொன்னாள். அதற்கு அவள், "இழுத்துகினு வராத. அதுவா வரட்டும்" என்றாள். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு என்று இசைவாணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐப்பசி இரண்டாவது வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு இடிக்கும் இயந்திரம் வந்தது. வானம் கருத்துக்கிடந்தது. சுப்பிரமணியன் ஜீப்பில் வந்து இறங்கினார். ராசம்மாள் வாசல்படிக்கு நாலு விரற்கடை மேலே உட்கார்ந்திருந்தாள், மடியில் மூட்டை. வண்டி ஓட்டுகிறவன் அவளைப் பார்த்துவிட்டு, அந்தம்மா எழுந்திருந்தால்தான் வேலை ஆகும் என்றான். பரங்கிப்பேட்டையில் இன்னொரு வேலை இருக்கிறதாம். கையெழுத்து இல்லாமல் இடித்தால் அவள் என்ன ஆவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைச் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள இசைவாணிக்கு விருப்பம் இல்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஒருத்தர் பாக்கி இருக்காங்க சார்."

"ஒருத்தர்தானேம்மா. ரிப்போர்ட்ல முடிச்சிடலாம்."

"ஒருத்தர்தானேன்னுதான் சார் எல்லாரும் விட்டாங்க!" என்று அவள் கத்திய கத்தலில் சவுக்குத் தோப்பிலிருந்த கொக்குகள் மொத்தமும் கிளம்பின. "பத்து வீட்டுல போய்க் கெஞ்சியிருக்கேன். என் வீட்டுல என்னால ஆவல. பன்னண்டரை பஸ் வரைக்கும் நிப்பேன். அப்புறம் என்னையும் சேர்த்து இடிங்க."

சுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தான். ரத்தினம்மாளும் ராமாமிர்தமும் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். பன்னிரண்டரை பஸ் வந்து போனது. பஸ் போனபிறகு பத்து நிமிஷம் கழித்து, சவுக்கு மரங்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையின் எல்லாப் பொத்தானையும் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஒரு கையில் செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி, பொன்னுரங்கம் சேற்றில் நடந்துவந்தார். யாரும் துணைக்கு வரவில்லை. இசைவாணிக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, இத்தனை நேரம் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

ராசம்மாள் எழுந்தாள். அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பாதையில் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஏன் வந்தீங்க? அண்ணன் எங்க?"

கிழவர் செருப்பைக் கீழே போட்டார். "ராசு, அப்பா இல்லம்மா. நான்தான். பொன்னு."

அவள் கிட்ட வந்து, நரைத்த புருவத்தையும், பல் போன வாயையும், கழுத்துச் சுருக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவ்வளவு நாள் ஆகியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. செத்து முப்பது வருஷமாகியும் அதுவரை அழாதவள் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னாண்ணா, இப்படிக் கெழவனா ஆயிட்டியே. யாரும் சரியா சோறு போடலயா?" என்றாள்.

"யப்பா, மொதல்ல கையெழுத்து" என்றாள் இசைவாணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பொன்னுரங்கம் என்று எழுத அவருக்கு ஒரு வரி போதவில்லை. மை ஒட்டிக்கொண்டது. வண்டிக்காரன் பீடியை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். அண்ணனும் தங்கையும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் இரண்டு மணி டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் ராசம்மாளின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு இசைவாணிக்கு நிம்மதி என்று ஒன்றும் வந்துவிடவில்லை. அத்தையும் அப்பாவும் விடிந்ததிலிருந்து சண்டை போட்டார்கள். அவர் அவசரமாகச் சாப்பிடுகிறார் என்று அவள் சொன்னாள். அவள் டிவி சத்தத்தை ஜாஸ்தி வைக்கிறாள் என்று அவர் சொன்னார். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கப் போட்ட விண்ணப்பம், வயது பொருந்தவில்லை என்று மூன்றுமுறை திரும்பிவந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் எட்டிப் பார்த்தார்கள், பிறகு தையல் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கண் அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

கார்த்திகையில் இசைவாணியின் மகள் அறிவுமதியைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். அத்தையை உள்ளே இருக்கச் சொல்லலாமா என்று செம்பியன்தான் மெல்ல இழுத்தான். பொன்னுரங்கம் அவனை ஒரு பார்வை பார்த்தார். வந்தவர்கள் உட்கார்ந்து, யார் யார் என்று விசாரித்தபோது, அவரே எழுந்து நின்று சொன்னார். "இது என் தங்கச்சி ராசம்மா. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்துச்சி. நல்லாயிடுச்சி. நான் போய்க் கூட்டிட்டு வரல, அங்கயே செத்துப்போச்சி. இப்ப எங்களோடதான் இருக்கு." மாப்பிள்ளை வீட்டார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்த இசைவாணியின் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். கதவைப் பாதி சாத்திவிட்டு, தன் கொழுந்தனையும் அப்படித்தான் விட்டுவிட்டார்கள், வேலூர் தாண்டி ஒரு இல்லத்தில், பதினேழு வருஷம் ஆகிறது என்றாள். அதற்கு என்ன மனு எழுதவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். இசைவாணி பெருமூச்சு விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கேட்டாள்.

"எப்ப செத்தாரு?"

"சாவலங்க. உசிரோடதான் இருக்காரு. போன மாசம் கூட லெட்டர் வந்துச்சி."

இசைவாணிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது. "உசிரோடயா? அப்புறம் என்னாத்துக்குங்க என்கிட்ட கேக்குறீங்க? மனு எதுக்கு? போயி கூட்டிகினு வாங்க!"

மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்குக் கிளம்பினார்கள். ஒரு வாரம் போன் இல்லை. எட்டாம் நாள் சம்மதம் என்று சொன்னார்கள். தாமதத்துக்குக் காரணம் வேலூர்ப் பக்கம் போய்வரவேண்டியிருந்தது என்றார்கள். தை மாதம் முதுநகரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா புதுவேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் ராசம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் எது மோசம் என்று இரண்டு பேரும் தாலி கட்டும்வரை விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் மேடையேறி ஓரமாக நின்றார்கள். அந்தப் போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. அத்தை தெளிவாக விழுந்திருக்கிறாள். சித்தப்பாதான் கண்ணை மூடிவிட்டார்.